மூன்று குடம் பெருத்த பீப்பாய்

1852 மார்ச் 3, கலபார்

மேலாற்றுச் சந்தையிலிருந்து படகு வந்தது. செம்பனை எண்ணெய், நல்ல நிறம். வெள்ளைக்காரக் கேப்டன் டாஸனின் கப்பலில் இறக்கினோம். எப்போதும் என் மனைவி அரித்தின் குடத்தால் நாற்பது ஊற்றினால் ஒரு பீப்பாய் நிறையும். இன்று நாற்பத்து மூன்று. "வழியில கொட்டியிருப்பீங்க" என்றான் டாஸன்.

அரித்திடம் சொன்னேன். அவள் சொன்னாள்: "குடம் நான் வனைஞ்சது. அது சுருங்காது. அவன் பீப்பாய்தான் பெருத்திருக்கு."

மார்ச் 4

அவள் சொன்னது சரி. கரையில் கிடந்த பழைய பீப்பாயை நூல் சுற்றி அளந்தேன். புதியது சுற்றளவில் முக்கால் சாண் அதிகம். கப்பலேறி நூலைக் காட்டினால் டாஸன் சிரிக்கிறான்.

"பிடிக்கலேன்னா போ. நீராவிப் படகு வருது. இனி நானே மேலாத்துக்குப் போய் வாங்கிக்குவேன். நடுவுல நீ எதுக்கு?"

இறங்கும்போது என்ன செய்தேன்? பனங்குருத்தைக் கிழித்து, அவன் ஏணிக் கயிற்றில், ஊருக்கே சட்டம் வைக்கும் எக்பே மன்றத்தின் தடை முடிச்சைப் போட்டுவிட்டேன். அது விழுந்த இடத்தில் எங்கள் ஆட்களில் எவனும் விற்கமாட்டான், வாங்கமாட்டான்.

ஆனால் அதைப் போடும் உரிமை எக்பே மன்றத்தில் மேல்படிக்காரர்களுக்குத்தான். நான் கீழ்ப்படி. துடுப்புப் போட விலைக்கு வாங்கப்பட்டு, இந்த இடத்துக்கு ஏறி வந்தவன். தெரிந்தால் மன்றத்தை விட்டே தள்ளுவார்கள். அப்புறம் படகு ஏது, சந்தை ஏது? மறுபடி துடுப்புதான். எசியென், உனக்குப் புத்தி எங்கே போச்சு?

மார்ச் 6

ஒரு படகும் டாஸனை அண்டவில்லை. அவன் சமையல்காரன் கரைக்கு வந்து கிழங்கு கேட்டான். குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டே கிழங்குக்காரி சொல்கிறாள்: "கிழங்கா? இதெல்லாம் கல்லு சாமி, கல்லு."

வாய்விட்டுச் சிரித்தேன். மன்ற வாசலைத் தவிர்த்து, சுற்றுவழியில் வீடு வந்தேன்.

மார்ச் 9

தெரிந்துவிட்டது. எங்கள் குலத் தலைவர் இபோக் ஆள் அனுப்பினார். நாளை விசாரணை.

"பொய் சொன்னா நிக்குமா?" என்று அரித்திடம் கேட்டேன்.

"உங்க மூஞ்சிக்கு நிக்காது. குடத்தை எடுத்துட்டுப் போங்க."

மார்ச் 10

மன்றத்துக்குள் நடந்ததை எழுதக் கூடாது. வெளிமுற்றத்தில் பேசியது மட்டும்.

"டேய் எசியென், முடிச்சு நீயா போட்டே?" – இபோக்.

"நான்தான் ஐயா."

"யாருடா உரிமை கொடுத்தது?"

"யாரும் கொடுக்கல. கோபத்துல போட்டேன்."

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். மேல்படிக்காரர்களில் ஒருவரான ஏஃபா எழுந்தார். டாஸன் பரிசாகக் கொடுத்த உயரமான தொப்பி தலையில். "அவிழ்த்து எறிங்க. போர்க்கப்பலைக் கூப்பிடுவேங்கிறான்."

குடத்தையும் நூலையும் நடுவில் வைத்தேன். பீப்பாய்க் கதையைச் சொன்னேன். "பீரங்கி வீட்டை இடிக்கும் ஐயா. எண்ணெய் கொண்டாந்து ஊத்துமா? அவன் நேரா மேலாத்துக்குப் போயிட்டா நான் மட்டுமா கரையில நிப்பேன்? நீங்களும்தான், அந்தத் தொப்பியோட."

விட்டால் போச்சு என்று மேலும் சொன்னேன். "ஆத்துப் படகெல்லாம் அந்த முடிச்சுக்குக் கட்டுப்பட்டாச்சு. இப்ப அவிழ்த்தா, எக்பே முடிச்சும் தப்பா விழும்னு வெள்ளைக்காரனுக்குத் தெரிஞ்சுபோகும். நாளைக்கு நீங்க போடுற முடிச்சை மதிப்பானா?"

இபோக் குடத்தைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். "களவாணிப் பய. எங்களையும் சேர்த்துல்ல கட்டிட்டான்."

மேல்படிக்காரர்கள் உள்ளே போனார்கள். வந்தார்கள். இபோக் சொன்னார்:

"எக்பே முடிச்சு தப்பா விழாது. அதனால போட்டவன் மேல்படிக்காரனாத்தான் இருக்கணும். சடங்கு நாளைக்கு. ஆடும் கள்ளும் உன் பொறுப்பு."

கால் தரையில் இல்லை எனக்கு.

மார்ச் 11

மேல்படி ஏறினேன்! அரித் பார்த்துவிட்டுச் சொன்னது: "இனியாவது குறட்டையைக் குறைங்க, பெரிய மனுஷரே."

மார்ச் 19

டாஸனே படகோட்டிக்கொண்டு வந்தான். தாடி மண்டியிருந்தது. குடிக்க நல்ல தண்ணீர் இல்லையாம். முடிச்சுச் செய்தி மேலாற்றுக்கும் போய்விட்டது. நீராவிப் படகு வந்தாலும் அங்கே அவனுக்கு விற்க ஆளில்லை.

"அவிழ்த்துடுப்பா. பழைய பீப்பாயே இருக்கட்டும்."

"ஒவ்வொரு பீப்பாயையும் அரித்தோட குடத்தால, அவ கண்ணு முன்னாடி அளக்கணும்."

"ஒரு பொம்பளையோட சட்டிப்பானையாலயா!"

"அப்ப கல்லைச் சாப்பிடு."

ஒப்புக்கொண்டான். ஏணியில் நானே ஏறி முடிச்சை அவிழ்த்தேன். இந்த முறை அந்த உரிமை எனக்கு உண்டு.

ஏப்ரல் 2

நாற்பதாவது குடத்தில் பீப்பாய் நிறைந்தது. பெருத்த பீப்பாய் ஒன்றைப் பாதியாக அறுத்து வாங்கிவந்தேன். முற்றத்தில் ஆடுகள் அதில் தண்ணீர் குடிக்கின்றன.

மாலை ஏஃபா வந்தார், வெறுந்தலையோடு. வேறொரு கப்பல் பீப்பாய்மேல் அவருக்குச் சந்தேகமாம். "அரித்தம்மா, அந்தக் குடம்... ஒண்ணு கிடைக்குமா?"

"வரிசையில நில்லுங்க ஐயா" என்றாள்.

இந்த வாரம் எட்டு வனைந்து சுட்டிருக்கிறாள். பழைய குடத்துத் தண்ணீரை ஒவ்வொன்றிலும் ஊற்றிச் சரிபார்க்கிறாள். கப்பலுக்கு ஒரு குடம்; ஆற்றில் நிற்கும் கப்பல்கள் பதினொன்று. இன்னும் மூன்று பாக்கி.