துள்ளாத கோடு

மார்ச் 4

அன்புள்ள லிஃப்ட் மெக்கானிக் ஐயாவுக்கு,

தியான முகாமில் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள் என்பதால் கல்யாணமாகி முதல்முறையாக உங்களுக்குக் கடிதம் எழுதுகிறேன். நம் சில்வண்டுப் பாப்பா நலம். "அப்பா எப்போ வருவார்?" என்று என் உயிரை வாங்குகிறாள்.

கூட வேலை பார்த்தவர் கண்ணெதிரே விழுந்து செத்தால் யாருக்குத்தான் கை நடுங்காது? அதற்காகக் கூனிக் குறுகாதீர்கள். பயம் கொஞ்சம் குறைந்தால் போதும், வந்துவிடுங்கள். எனக்குத் திட்டவும் ஆள் இல்லை.

உங்கள்,
டீச்சர்

மார்ச் 19

அன்புள்ள டீச்சரம்மா,

கை நடுக்கம் நின்றுவிட்டது. நாள் முழுக்கப் பேச்சே கிடையாது. மூச்சைக் கவனிப்பதுதான் வேலை.

இங்கே ஒரு டாக்டர் மூளையை ஆராய்கிறார். தலையில் ஒயர்த் தொப்பியை மாட்டி, முதுகுக்குப் பின்னால் இரும்புத் தட்டைத் தடாலென்று போடுவார். திரையில் கோடு துள்ளும். முதல் வாரம் என் கோடு கூரைக்கே போனது. நேற்று அசையவே இல்லை. "இந்த மாதிரி ஒருத்தரை நான் பாத்ததே இல்ல" என்று கையைக் குலுக்கினார். மூளையில் பயம் கிளம்புகிற இடம் பாதாம் பருப்பு அளவுதானாம். அத்தனூண்டு இடமா என்னை இந்த ஆட்டு ஆட்டியது!

ஞாயிற்றுக்கிழமை வீட்டார் வரலாம். பாப்பாவை உன் தம்பியோடு அனுப்பு.

அன்புடன்,
உன்னவன்

மார்ச் 23

என் அன்பானவருக்கு,

படித்துவிட்டு வகுப்பறையிலேயே அழுதுவிட்டேன், பிள்ளைகள் பயந்துபோனார்கள். விடைத்தாள் குவிந்து கிடப்பதால் நான் வர முடியாது. அங்கே குளம் இருக்கிறதாமே, பாப்பா பத்திரம். அவள் நாற்காலியில் ஏறினாலே ஊரைக் கூட்டுகிற ஆளுக்கு நான் சொல்லவா வேண்டும்!

உங்கள்,
டீச்சர்

மார்ச் 30

அன்புள்ள டீச்சரம்மா,

பாப்பா குளத்தில் விழுந்ததை உன் தம்பி சொல்லியிருப்பார். அவர் வண்டி எடுக்கப் போயிருந்தார். நான் கரையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"அப்பா" என்று கூப்பிட்டாள். இரண்டாம் முறை கூப்பிட்டபோது வாயில் தண்ணீர் போய்க் குரல் மாறியிருந்தது. அதைக் கவனித்தேன். எழுந்து போக வேண்டும் என்று தெரிந்தது. அவசரம் மட்டும் தோன்றவில்லை. மூச்சு சீராகவே இருந்தது.

தோட்டக்காரர் குதித்துத் தூக்கினார். வெகுநேரம் உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தார், பாவம். முகாமில் அவருக்கும் ஓர் இடம் கேட்டிருக்கிறேன்.

நான் முழுசாகக் குணமாகிவிட்டேன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருகிறேன்.

அன்புடன்,
உன்னவன்

ஏப்ரல் 2

முகாமில் இருப்பவருக்கு,

வெள்ளிக்கிழமை வர வேண்டாம். நாங்கள் என் தம்பி வீட்டுக்குப் போகிறோம்.

அவளை மடியில் போட்டுக்கொண்டு, அப்பா என்ன செய்தார் என்று கேட்டேன். "சிரிச்ச முகமா என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரும்மா" என்றாள். அது ஏதோ விளையாட்டு என்று நினைத்திருக்கிறாள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உங்களை அங்கே அனுப்பியது நான்தான். இதைப் படித்தால் உங்களுக்கு வலிக்காது என்று தெரிவதால்தான் இவ்வளவு நேராக எழுத முடிகிறது. கொஞ்சமாவது வலித்தால், உடனே எழுதுங்கள். ஓடி வருகிறேன்.

பாப்பாவின் அம்மா