நாலு ஜிபியும் மூன்று பீப்பும்

ஜூன் 2, திங்கள்

இன்று மூன்றாவது தடவையாக உறைந்துவிட்டது. கேமராவைப் போட்டு, சிங்களக் கடிதத்தை ஒரு பக்கமும் தமிழை மறுபக்கமும் திறந்தால் போதும், லெப்டாப் கல்லாகிவிடுகிறது. "மதிப்பிற்குரிய" என்று அடித்தேன். "ம" வர ஒரு நிமிடம். "ரிய" வரவேயில்லை.

பரீட்சை 13ஆம் திகதி காலை பத்து மணிக்கு. இரண்டு மணித்தியாலம், கேமரா போட்டபடி. பாஸானால் கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு இந்தத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலேயே இருந்து சிங்களப் படிவங்களைத் தமிழாக்கலாம். பிள்ளைக் காப்பகத்தில் என் தற்காலிக வேலை இந்த மாதத்தோடு சரி. பரீட்சை தவறினால் நாகலெட்சுமி சித்தி கொழும்பில் பார்த்து வைத்திருக்கும் வெள்ளவத்தைத் துணிக்கடை வேலைதான். 15ஆம் திகதிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

ஏற்கெனவே எட்டு மாதம் கொழும்பில் இருந்து பார்த்தவள் நான். எனக்குப் போக விருப்பமில்லை. அம்மாவைத் தனியாக விட்டுப் போக அறவே விருப்பமில்லை. அம்மாவிடம் கேட்டால் "ஒன் இஷ்டம்" என்கிறார். முகம் அப்படிச் சொல்லவில்லை.

ஜூன் 5, வியாழன்

லீவு போட்டு ஹட்டன் டவுனுக்குப் போனேன். மழையில் லெப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறப் பயம். மாடல் நம்பரை மட்டும் போனில் படம் பிடித்துப் போனேன். ரிப்பேர் கடை ஜீவராஜ் அண்ணன் பார்த்துவிட்டு, இதில் நாலு ஜிபி ரேம்தான் இருக்கிறது, இன்னொரு நாலு போட இடம் காலியாக இருக்கும் என்றார். விரல் நீளத்தில் ஒரு பச்சைத் துண்டை எடுத்துத் தன் மெஷினில் போட்டு ஓடவிட்டும் காட்டினார்.

"பாத்துக்கங்க தங்கச்சி, நல்லா வேல செய்யுது. சாச்சு வச்சு அமுக்குங்க, டக்குன்னு சத்தம் வரும். அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்ததும் அம்மா பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். புதிதாக எது வந்தாலும் எங்கள் வீட்டில் முதல் இரவு சாமித்தட்டில்தான். போன வருஷம் பிரஷர் குக்கரும் அங்கேதான் தங்கியது. நான் வாதாடவில்லை.

ஜூன் 6, வெள்ளி

அடிமூடியில் பதினொரு திருகாணி. அம்மா போன் டோர்ச்சைப் பிடித்தார், பாதி நேரம் என் கண்ணில். ரேமைச் சாய்த்து வைத்து அமுக்கினேன். டக்! எவ்வளவு இனிமையான சத்தம்.

பட்டனை அமுக்கினேன். காற்றாடி சுற்றியது. பீப், பீப், பீப். திரை கறுப்பு. மறுபடியும் பீப், பீப், பீப்.

"ஏதோ சொல்லுதுல்ல?" என்றார் அம்மா.

சொல்லுது, சொல்லுது. என் தலையெழுத்தச் சொல்லுது.

ஜூன் 7, சனி

பீப், பீப், பீப்.

ஜூன் 8, ஞாயிறு

அழுது பிரயோசனமில்லை. இன்று முறையாக இறங்கினேன். புதியதைக் கழற்றினேன், லெப்டாப் ஓடியது. அப்பாடா, சாகவில்லை. பழைய ரேமை மற்ற இடத்துக்கு மாற்றினேன், ஓடியது. அப்படியானால் இடத்தில் பிழையில்லை. புதியதை மட்டும் போட்டேன். மூன்று பீப். இடம் மாற்றிப் போட்டேன். மூன்று பீப்.

வீடியோவில் ஒருவர் ரேமின் தங்க நிறப் பற்களை அழிறப்பரால் துடைக்கச் சொன்னார். பழையதைத் துடைத்தேன். புதியது பளபளவென்று இருக்கிறது, அதை எதற்குத் துடைக்க?

எல்லாம் தெளிவாகிவிட்டது. ஜீவராஜ் காட்டியது ஒன்று, பொட்டலத்தில் போட்டது வேறொன்று. தங்கச்சி தங்கச்சின்னு சொல்லியே ஏமாத்திட்டாரே, என்ன மனுஷன்!

ஜூன் 9, திங்கள்

போனில் ஒரு பிடி பிடித்தேன். "கொண்டாங்க தங்கச்சி, பாப்போம்" என்றார், சத்தமே போடாமல். குற்றமுள்ளவன்தான் இவ்வளவு அமைதியாக இருப்பான். நாளை பௌர்ணமி விடுமுறை, கடை பூட்டு. புதன்கிழமைக்கு லீவு கேட்டிருக்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

பொசன் போயா. தலவாக்கலையில் தன்சல், போவோர் வருவோருக்கெல்லாம் இலவசச் சாப்பாடு. வரிசையில் நின்று கடலை வாங்கிச் சாப்பிட்டேன். இரண்டு தடவை. கோபம் வந்தால் எனக்குப் பசிக்கும்.

ஜூன் 11, புதன்

எழுதவே வெட்கமாக இருக்கிறது.

லெப்டாப்பை இரண்டு பொலித்தீன் பையில் போட்டு, அம்மா கொழுந்து பறிக்கப் போகும்போது இடுப்பில் கட்டும் படங்குத் துணியை அதன்மேல் சுற்றிக்கொண்டு ஹட்டன் போனேன். பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வசனம் அத்தனையையும் கடை வாசலிலேயே கொட்டினேன். இன்னும் இரண்டு பேர் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஜீவராஜ் அண்ணன் ரேமைக் கழற்றி, திருப்பி, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"தங்கச்சி, இதுக்குப் பொட்டு வச்சது யாரு?"

அடிப்பக்கத்துப் பற்களில் மூன்று சந்தனப் பொட்டு. காய்ந்து, பல்லோடு பல்லாக ஒட்டிக் கிடந்தது. தங்க நிறத்தில் சந்தன நிறம், எனக்கு எப்படித் தெரியும்?

"சந்தனத்துல கரண்டு போகாதுங்க" என்று சொல்லி, அழிறப்பரால் தேய்த்து, தூரிகையால் தட்டி, திரும்பப் பொருத்தினார். பீப் இல்லை. எட்டு ஜிபி என்று திரையில் வந்தது. மன்னிப்புக் கேட்டேன். வாய்விட்டுச் சிரித்தார். "மூடி மேல வைக்கச் சொல்லுங்க. அங்க எத்தன வேணாலும் வைக்கலாம்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினேன். "கவர் மேல வச்சா சாமானுக்குச் சேருமா? அதான் பிரிச்சு வச்சேன்" என்றார். பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீ கொழும்புக்குப் போகக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு வச்சேன்."

"ஒன் இஷ்டம்னு சொன்னீங்களே?"

"வேற என்னத்தச் சொல்ல?"

அதற்குமேல் எனக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து கொஞ்ச நேரம் அழுதுவிட்டு ரொட்டி சுட்டோம்.

ஜூன் 13, வெள்ளி

ஒரு தடவைகூட உறையவில்லை! எட்டு நிமிடம் முன்னதாகவே முடித்தேன். அம்மா வேலைக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்து காவல். பக்கத்துக் காம்பரா வீட்டு ரேடியோவை நிறுத்த வைத்தார். சேவலைத் துரத்தினார். கடைசிக் கடிதத்தில் ஒரு வரி இடறியது. அது என் பிழை, லெப்டாப்பின் பிழையில்லை.

ஜூன் 15, ஞாயிறு

முடிவு வரவில்லை. சித்தி போனில் கூப்பிட்டார். நான் வரவில்லை சித்தி, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். துணிச்சலா, மடத்தனமா? தெரியல.

ஜூன் 20, வெள்ளி

பாஸ்.

ஜூலை 1, செவ்வாய்

வேலை முதல் நாள். வழக்கமாக நான்தான் முதலில் காப்பகத்துக்குக் கிளம்புவேன். அம்மா பின்னால் கதவைப் பூட்டிக்கொண்டு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போவார். இன்று நான் காலையிலேயே லெப்டாப் முன் உட்கார்ந்துவிட்டேன். எட்டு மணிக்குக் கம்பனியிலிருந்து மேலதிகாரி மிஸ் பேசினார், இருபது படிவங்கள் அனுப்பினார்.

பத்து மணிக்கு வெளியே போகக் கதவைத் தள்ளினால் திறக்கவில்லை. அம்மா பழக்கதோஷத்தில் வெளியே பூட்டி, சாவியையும் எடுத்துக்கொண்டு மலைக்குப் போயிருக்கிறார். போன் போட்டேன், மணி சமையலறையில் அடித்தது. ஜன்னலால் யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. இன்னும் பதினாறு படிவங்கள் மிச்சம் இருந்தன.

பகல் சாப்பாட்டுக்கு வந்து கதவைத் திறந்த அம்மா என்னைக் கண்டு தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ, உள்ளயா இருந்த? ஒரு சத்தம் போட்டிருக்கலாம்ல?"

"நான் எங்கம்மா போகப் போறேன்?" என்றேன்.