உறையின் மேல் ‘வண. பிதா’

அப்பா,

உங்கள் ஓராண்டு நினைவுத் திருப்பலிக்கு அட்டை அடிக்க இன்று கொட்டாஞ்சேனை அச்சகத்துக்குப் போயிருந்தேன். உள்ளே நுழைந்ததும் மை வாசனை. உங்கள் எழுத்து மேசை நினைவுக்கு வந்துவிட்டது. "அப்பாட பேருக்கு முன்னால என்ன போடுறது சேர்? அமரரா, திருவா?" என்று அச்சகக்காரர் கேட்டார். பெயரை மட்டும் போடச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

கப்பல் கம்பெனியில் முப்பது வருடம் கடிதம் எழுதியவர் நீங்கள். நீதியரசருக்கு எப்படி, தூதுவருக்கு எப்படி, ஆயருக்கு எப்படிப் பட்டம் போடுவது என்று கேட்டு, தெருவில் உள்ளவர்கள் கலியாணக் கார்டுகளையும் தூக்கிக்கொண்டு உங்களிடம்தான் வருவார்கள். "பட்டத்தைக் குறைச்சா அவமானம், கூட்டினா நக்கல்," என்பீர்கள்.

நான் குருப்பட்டம் பெற்று மன்னார்ப் பக்கம் பணிக்குப் போனபோது, உங்கள் முதல் கடிதத்தின் உறையிலேயே என் பெயருக்கு முன்னால் ‘வண. பிதா’, அதாவது வணக்கத்துக்குரிய பிதா, என்று ஏறியிருந்தது. லீவில் வீட்டுக்கு வந்தால் எழுந்து நிற்பீர்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும். உங்களுக்கோ பெருமை தாங்காது.

ஒன்பதாம் வருடம் குருத்துவத்தை விட்டுவிட்டு, கலியாணம் செய்து வெள்ளவத்தையில் குடியேறினேன். நீங்கள் வரவில்லை. கடிதமும் நின்றுபோனது. உங்கள் வீட்டுக்கு அரை மணி, முக்கால் மணி பஸ் பயணம்தான். நானும் வீம்பு பிடித்துக்கொண்டு இருந்தேன். எனக்கு மகள் பிறந்ததைக்கூடத் தங்கச்சிதான் உங்களுக்குச் சொன்னாள்.

பிறகு ஒருநாள் உங்கள் கையெழுத்தில் ஒரு கடிதம் வந்தது. உறையில் அதே ‘வண. பிதா’. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குத்திக்காட்டுகிறீர்கள் என்றுதான் நினைத்தேன்.

"உடைச்சுப் பாருங்கோவன், வயசான மனுசன்," என்றாள் மனைவி.

நான் கேட்கவில்லை. ‘இப்படி ஒருவர் இங்கு இல்லை’ என்று உறையின் மேலேயே எழுதி, தபால்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன். அன்று முழுக்க எதையோ சாதித்தவன் போலத் திரிந்தேன். வெட்கம் கெட்டவன்.

நான்கு மாதத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். அடக்கம் முடிந்த பிறகு தங்கச்சி அந்தக் கடிதத்தை என் கையில் தந்தாள். அது திரும்பி வந்த அன்று, "அவன் அங்க இல்லையாம்," என்று மட்டும் சொல்லி, அதைப் பைபிளுக்குள் வைத்தீர்களாம். உறை ஒட்டியபடியே இருந்தது. அப்போதுதான் உடைத்தேன்.

‘மகன், பேத்தியைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. வரச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். உறையில் என்ன போடுவதென்று இரண்டு நாள் யோசித்தேன். திரு என்று எழுதினால், நான் உன்னைக் குறைத்துவிட்டதாக நினைப்பாய். அதனால் பழையபடியே எழுதியிருக்கிறேன். கோபிக்காதே.’

மகளுக்கு இப்போது நாலு வயது. போன கிழமை உங்கள் படத்தைக் காட்டி, "இந்தத் தாத்தா ஏன் எங்கட வீட்ட ஒருநாளும் வரேல்ல?" என்று கேட்டாள்.

"நான் வரச் சொல்லேல்ல," என்றேன்.

"ஏன் அப்பா?"