ஆர்செனியோவைப் புதைத்த ஒன்பதாம் நாள்

சான் பெத்ரோ,
ஜூலை 19.

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா நூரிஸ் எழுதுவது. உறையின் மேல் வில்கின் என்றுதான் எழுதியிருக்கிறேன். அப்படி எழுதினால்தானே அமெரிக்காவில் உன் கைக்கு வரும். உள்ளே உன்னை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிட மனம் வரவில்லை. படித்ததும் கிழித்துவிடு. நான் சொல்லாவிட்டாலும் கிழிப்பாய்.

நீ சொன்னபடியே எல்லாம் செய்தோம். செத்தது நம் சின்னவன் வில்கின். புதைத்தது ஆர்செனியோவை, அதாவது உன்னை. கரும்பு லாரி ஒன்று திருப்பத்தில் அவன் சவாரி ஓட்டும் வாடகை பைக்கின் மேல் ஏறிவிட்டுப் போனது. பதிவு அலுவலகத்தில் உன் பெயரைச் சொல்லி, வயது இருபத்தெட்டு என்று எழுதிக் கொடுத்தேன். சிலுவையிலும் அதுதான் இருக்கிறது. எழுத்து எழுதியவன் தலையை நிமிர்த்தாமல் எழுதினான். அவனுக்கும் தெரியும், தெருவுக்கே தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் பேஸ்பால் பயிற்சிக்காரர் பெனிதோ நம் வாசலில் நின்று சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "இருபது வயசுக் கெழவனை அமெரிக்காக்காரன் எவன் வாங்குவான்? வீட்ல பதினாறு வயசுக் காகிதம் இருந்தா எடுத்துட்டு வா." அம்மாதான் பிஸ்கட் டப்பாவைத் திறந்து வில்கினின் பிறப்புச் சான்றிதழைக் கொடுத்தாள். ஆறு மாதத்துக்குத்தான் என்று நினைத்தாள் பைத்தியக்காரி. இந்தத் தெருவில் பாதி வீட்டில் நடந்த காரியம்தான். ஆனால் மற்றவர்கள் செத்துப்போன சித்தப்பா மகனின் காகிதத்தை எடுத்தார்கள், பந்தையே தொடாதவனின் காகிதத்தை எடுத்தார்கள். நாம் எடுத்தது உன்னைவிட நன்றாக எறிகிறவனின் காகிதம்.

பதினாறு வயதில் அவன் ஒரே நாளில் இருபது வயதுக்காரன் ஆனான். மறுவருஷம் மைதானத்தின் கோடி வேலியோரம் நின்று அவன் எறிந்த பந்து, தரையில் படாமல் நேரே பிடிப்பவன் கையுறையில் விழுந்தது. பெனிதோ நாக்கைச் சப்புக்கொட்டினார். "கை தங்கம்டா. என்ன செய்ய, வயசு தாண்டிருச்சே," என்றார். வயதைத் தாண்ட வைத்த புண்ணியவானே அவர்தான்.

முதல் அணி உன்னைக் கழித்துவிட்டு, இந்தப் புது அணி உன்னைச் சேர்த்துக்கொண்டு மூன்று வருஷம் ஆகிறது. முதல் வருஷம் நீ பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை துப்பியதைத்தான் கடைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அதற்கும் கைதட்டினோம். வருஷக் கடைசியில் நீ ஆட இறங்கியதும், தொலைக்காட்சியில் வரும் பெயரை வைத்துக் கடைக்காரர் வில்கினை விடமாட்டார். "ஏண்டா, நேத்து ரெண்டு பந்தை வேலிக்கு வெளிய அடிச்சியாமே, இன்னிக்கு எதுக்கு பைக் ஓட்ட வந்த?" என்பார். "அங்க சோறு சரியில்லண்ணே," என்பான் அவன். கடையே சிரிக்கும். அவனும் சிரிப்பான். 

இரண்டாம் வருஷம் நீ சுவரில் மோதிப் பந்தைப் பிடித்து, தோளை உடைத்துக்கொண்டாய். இங்கே அவன் தன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டான். அதற்குப் பிறகு உன் பந்து பாதியில் விழ ஆரம்பித்தது. "முழங்கையைக் கீழ எறக்குறான்க்கா," என்று புலம்பி, உனக்கே போன் போட்டுச் சொன்னான். "பைக் ஓட்டுறவன் எனக்குச் சொல்லித் தர வேணாம்," என்றாயாம். இந்த வருஷம் நீ முழங்கையைத் தூக்கித்தான் எறிகிறாய். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அவனும் பார்த்தான். இப்போது ஐந்து வருஷ ஒப்பந்தம் என்கிறார்கள்.

அவன் செத்ததைச் சொல்ல நான் கூப்பிட்டபோது நீ, "கையெழுத்தாக இன்னும் ஒரு மாசம் இருக்குக்கா. செத்தவன் பேரா வில்கின்னு எங்கயும் வரக்கூடாது," என்றாய். அப்புறம் அழுதாய். அழவில்லை என்று பழி சொல்ல மாட்டேன். ஆனால் எது முதலில் வந்தது என்று எனக்குத் தெரியும்.

ஒன்பது நாளும் ஜெபக்காரி கான்தா அம்மாள் "ஆர்செனியோவின் ஆத்மா" என்று சொல்லச் சொல்ல, நாங்கள் பதில் சொன்னோம். ஒன்பதாம் நாள் சாயங்காலம் ஜெபத்தின் நடுவில் கடையிலிருந்து சத்தம் கேட்டது. நீ ஏதோ பந்தைப் பிடித்திருக்கிறாய். "வில்கின், வில்கின்" என்று தொலைக்காட்சிக்காரன் கத்துகிறான். அம்மா எழுந்து வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தாள், இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு வந்து உட்கார்ந்துகொண்டாள்.

அன்றிலிருந்து அவள் பேசுவது குறைவு. நேற்றுதான், நீ கூப்பிட்டால் என்ன செய்வாள் என்று கேட்டேன். எப்போதும் போல "ஆசீர்வாதம் கொடும்மா" என்றுதானே நீ ஆரம்பிப்பாய். யார் பேசுவது என்று கேட்பாளாம். வில்கின் என்று சொன்னால், அவன் குரல் எனக்குத் தெரியும் என்று போனை வைத்துவிடுவாளாம். ஆர்செனியோ என்று சொன்னால், அவனைப் புதைத்தாகிவிட்டது என்று சொல்வாளாம். கோபமாகச் சொல்லவில்லை. மொச்சை உரித்துக்கொண்டே சொன்னாள்.

அதனால் நீ கூப்பிட வேண்டாம், தம்பி. அவள் கொடுக்காததை நானே கொடுக்கிறேன். கையெழுத்து நல்லபடியாக முடியட்டும். கையும் தோளும் உறுதியாக இருக்கட்டும். இந்த இருபத்து நான்கு வயதோடேயே நூறு வருஷம் இரு.

இப்படிக்கு,
உன் அக்கா,
நூரிஸ்