எலிக்கு ஐந்தாம் நாள், எனக்கு ஏழாம் கிழமை

12.05.2009, செவ்வாய்

காலை எட்டு மணிக்கே சுடுகிற கச்சான் காற்று. முகமெல்லாம் மணல். ஆய்வுகூடத்துக்குக் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வரவேண்டிய ஐஸ் பெட்டி வரவில்லை.

செய்யவேண்டியவை:
– எலிக் கூண்டுக்கு மரத்தூள்
– வியாழன் விரிவுரைக் குறிப்பு: கருப்பையில் வ.கா. (வளர்ச்சிக் காரணிகள்)
– போலிக் அமிலம், இரண்டு அட்டை
– அம்மாவிடம் வாய் திறக்காமல் இருப்பது

இன்றோடு கர்ப்பத்துக்கு நாற்பத்திரண்டு நாள், ஆறு கிழமை முடிந்தது. முந்திய இரண்டும் ஏழாம் கிழமையில்தான் போயின. தெரிந்தவர்கள் இவரும் ஆய்வுகூடத்துப் பரீனாவும் மட்டும். அம்மாவுக்குச் சொன்னால் மண்டூர் முருகனுக்கு நேர்த்தி வைப்பா. நேர்த்தி வைத்தால் பெரியகல்லாறு ஊர் முழுக்கத் தெரியும். பிறகு ஒன்றும் இல்லை என்று வீடு வீடாகப் பதில் சொல்லவேண்டும்.

சண்டை நடக்கும் வன்னியிலிருந்து இவருடைய அக்காவின் செய்தி இன்றும் இல்லை. மாசிக்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

13.05, புதன்

பெட்டி கிடைத்தது. எங்கள் வீட்டு டீப் பிரீசரில்.

இவர் வாவி இறால் வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிறவர். அவருடைய வெற்றுப் பெட்டிகளும் அதே பஸ்ஸில்தான் திரும்பும். கண்டக்டர் எல்லாவற்றையும் ஒன்றாக இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். இவர் திறந்து பார்த்திருக்கிறார், உள்ளே சின்னக் குப்பி. பாதுகாப்பாக வைத்தாராம்.

"குளிரா வைக்கச் சொல்லி எழுதியிருந்திச்சு. அதான் இறாலோட போட்டன்."

"குளிரா வையுங்க எண்டுதான் எழுதியிருக்கு. கல்லாக்கச் சொல்லி இல்ல."

"மறுகா என்ன, கரைஞ்சா சரிதானே?"

சரியில்லை. உறைந்தால் பழுதாகலாம். எலியின் கருப்பையைச் சீவிய துண்டில் வ.கா. எங்கே இருக்கிறதோ, அங்கே போய் ஒட்டிக் கபில நிறம் காட்டும் சரக்கு அது. நாலு மாதம் காத்திருந்து வந்தது. இறால் வியாபாரிக்குக் குளிர் என்றால் கல்லுத்தான், வேறு எப்படித் தெரியும். ஆனாலும் நன்றாகத் திட்டினேன். பிறகு இறால் குழம்பு மணத்தில் வாந்தி.

14.05, வியாழன்

விரிவுரை. நாற்பது பேர், மின்விசிறி ஒன்று.

சொன்னது: கரு வந்தவுடன் கருப்பை ஏற்றுக்கொள்வதில்லை. சில நாட்கள்தான் அதன் சுவர் ஆயத்தமாக இருக்கும், பிறகு பூட்டு. கரு எந்த இடத்தில் நெருங்குகிறதோ, அந்த இடத்துச் சுவரில் மட்டும் ஒரு வ.கா. கூடும். அதைப் பிடித்துக்கொள்ளும் வாங்கிகள் கருவின் வெளிப்புறத்தில் இருக்கும். அப்படித்தான் ஒட்டுகிறது. பிறகு வேறு காரணிகள், புது இரத்தக் குழாய்களுக்கு. எலிக்கு இது ஐந்தாம் நாள் மாலை.

எனக்குச் சித்திரை வருசம் பிறந்து ஒரு கிழமை கழித்து நடந்திருக்கும். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்திருப்பேன். ஒன்றும் தெரியவில்லை.

முன்வரிசைப் பிள்ளை கேட்டாள்: "மிஸ், அந்தக் காரணிய ஊசியாக் குடுத்தாக் கரு தங்குமா?"

அப்படி ஒரு ஊசி இல்லை என்றேன். எந்தக் காரணி, எந்த இடத்தில், எந்த மணித்தியாலத்தில் என்பதெல்லாம் பொருந்தவேண்டும். கூடினாலும் பிழை, குறைந்தாலும் பிழை. 'தெரியாது' என்ற ஒரு சொல்லை அரை மணித்தியாலம் விரித்துச் சொன்னேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள்.

15.05, வெள்ளி

காலையில் இரத்தக் கசிவு. ஒரு சொட்டு. மத்தியானம் இன்னொன்று.

டவுனில் டொக்டர் அம்மா: "இப்ப ஒண்டும் சொல்லேலாது. செவ்வாய் வாங்க, ஸ்கான் பண்ணுவம். படுத்திருங்க." படுத்திருந்தாலும் வித்தியாசம் இல்லை என்பது அவவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பயமாக இருக்கிறது. அவ்வளவுதான், இதற்குமேல் எழுத ஒன்றும் இல்லை.

18.05, திங்கள்

படுத்திருக்க முடியவில்லை. ஆய்வுகூடம் போனேன்.

பரீனா சண்டை. "உங்களுக்கு என்ன விசரா? வீட்ட போங்க!" போகவில்லை. கதிரை கொண்டுவந்து போட்டாள். நான் இருந்துகொண்டு சொல்ல, அவள் நின்றுகொண்டு செய்தாள். ஐந்தாம் நாள் எலியின் துண்டு ஆறு, கர்ப்பமில்லாத எலியின் துண்டு ஆறு. உறைந்து கரைந்த அதே குப்பி.

மூன்றரை மணிக்கு நுணுக்குக்காட்டியில் முதலில் அவள் பார்த்தாள். "கபிலம் வந்திருக்கு."

வந்திருந்தது. மங்கல்தான். கரு படுத்திருக்கும் இடத்துச் சுவரில் மட்டும் ஒரு கோடு, சற்றுத் தள்ளினால் ஒன்றும் இல்லை. கர்ப்பமில்லாததில் எங்கும் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு எலிக்கு எவ்வளவு கச்சிதமாக நடக்கிறது. பொறாமைதான், வேறு பெயர் இல்லை.

கன்டீனில் ரேடியோ. எல்லாரும் நின்று கேட்டார்கள். வன்னியில் சண்டை முடிந்ததாம்.

வீட்டில் இவர், வன்னியிலிருந்து கொண்டுவந்த காயக்காரரின் ஆஸ்பத்திரிப் பெயர்ப் பட்டியல் யாரிடமோ வாங்கிவந்து விரலை வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். அக்காவின் பெயர் இல்லை.

19.05, செவ்வாய்

கசிவு வெள்ளியோடு நின்றது. வெயில்.

இவரோடு டவுனுக்குப் பஸ். சென்றிக் காவலரணில் நிறுத்தி, வெற்றிக்கென்று ஆமிக்காரர் பாற்சோறு கொடுத்தார்கள். வாழையிலைத் துண்டில் சதுரமாக. பஸ்ஸில் இருந்த எல்லாரும் வாங்கினோம். வாங்காமல் இருக்க ஏலுமா. முன்சீட்டுக் கிழவர் கையில் பிடித்தபடியே இருந்தார். இவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் சாப்பிட்டேன். பசித்தது.

வாந்தி வரவில்லை. ஒரு கிழமையாக எதைத் தின்றாலும் வந்தது, இன்று வரவில்லை. கர்ப்ப ஓமோன் இறங்கினால் வாந்தி நிற்கும். அதைப் போன வருடம் நானே படிப்பித்தேன். முந்திய இரண்டு தடவையும் அப்படித்தான். கல்லடிப் பாலம் கடக்கும்வரை வாந்தி வா, வா என்று இருந்தேன். இவரிடம் சொல்லவில்லை.

ஸ்கான் அறை. இவரை உள்ளே விடவில்லை. டொக்டர் அம்மா திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்திருந்தா. கருவியை இப்படியும் அப்படியும் நகர்த்தினா. வெளியே சந்தியில் வெடி கொளுத்தினார்கள், சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "அசையாதைங்க" என்றா. நான் அசையவில்லை.

பிறகு திரையைத் திருப்பினா. "இஞ்ச பாருங்க, துடிக்குது. நிமிசத்துக்கு நூற்றி முப்பது. நல்லாருக்கு."

ஒரு அரிசி அளவு. துடித்தது.

வெளியே மர வாங்கில் இவர் இருந்தார், பெயர்ப் பட்டியல் மடித்துச் சட்டைப் பையில். என் கண்ணைப் பார்த்துவிட்டு எழும்பினார், போய்விட்டது என்று நினைத்து.

"இருக்கு," என்றேன்.

அவர் திரும்ப வாங்கில் இருந்துவிட்டார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். சந்தியில் வெடி. இன்றைக்குச் சந்தோஷப்படுவது வெட்கமாக இருந்தது. ஆனாலும் பட்டோம்.