சூடாக்காத நாடா

12 ஜூன் 2014, வியாழன். திண்டிவனம்.

உருக்கிய உலோகத்தை, அணுக்கள் வரிசை பிடிக்குமுன் சட்டென்று குளிரவைத்து எடுக்கும் மெல்லிய நாடாவைத்தான் நான் ஆராய்கிறேன். அளக்கும் முன் அதை ஒருமுறை லேசாகச் சூடாக்குவது எங்கள் ஆய்வுக்கூடத்து வழக்கம். அப்போதுதான் வரைபடத்தில் கோடு சுத்தமாக வரும். நாலு வருடமாக அப்படித்தான் செய்தேன்.

இன்று விழுப்புரத்து ஆய்வுக்கூடத்தில் கரண்ட் போய், நாடாவைச் சூடாக்கும் உலை ஆறிவிட்டது. அளக்கும் கருவி மட்டும் ஜெனரேட்டரில் ஓடியது. பொறுமையில்லாமல் சூடாக்காத நாடாவையே மாட்டினேன். எதுவும் அசையாது என்று நான் நம்பியிருந்த குளிர்நிலையில், கோட்டில் சின்ன மேடு ஒன்று எழுந்தது. நாடாவை மாற்றி மாற்றி மூன்று முறை அளந்தேன். மூன்றிலும் அதே இடம். அப்படியென்றால், உறைந்த உலோகத்துக்குள் அந்தக் குளிரிலும் சில அணுக்கள் வேகமாகத் துள்ளுகின்றன.

என் வழிகாட்டி எட்டிப் பார்த்தார். “மெஷின் கோளாறும்மா. அந்த மேட்ட எடுத்துட்டு ஜல்தியா தீசிஸக் குடு. மூணாவது சாப்டர் தப்புன்னு நீயே சொல்லிக்கினு நிப்பியா?”

“நிப்பேங்க சார்.”

அவர் தன் அறைக்குத் திரும்பிப் போனார். தீசிஸில் கையெழுத்துப் போடுவாரா, தெரியவில்லை. போடாவிட்டாலும் நாளை ஐந்து புது நாடாக்களை அளப்பேன்.

‘இந்த வெப்பநிலைக்குக் கீழே எதுவும் அசைவதில்லை’ என்று மூன்றாம் அத்தியாயத்தில் எழுதியிருந்தேன். இப்போதுதான் அந்த வரியை அடித்து நீக்கினேன். அசைந்துகொண்டிருந்தவற்றைச் சூடாக்கி அடக்கிவிட்டு, பிறகு அளந்தது நான்தான்.