சராசரி ஒன்பது

ரைஸ் லேக், விஸ்கான்சின்
19 மே 2023

ஆரினுக்கு,

‘அன்புள்ள’ என்று போட்டுத்தான் உனக்கு எழுதிப் பழக்கம். இன்றைக்குக் கை வரவில்லை.

நேற்றுக் குலுக்கல் முடிவு வந்தது. வயோமிங் மாநிலம் நமக்கு எல்க் மான் வேட்டை அனுமதி கொடுக்கவில்லை. கணினியில் ஏதோ கோளாறு என்று நினைத்து மூன்று தடவை மூடித் திறந்தேன். பிறகு உன்னைக் கூப்பிட்டேன். நான்கு தடவை. நீ எடுக்கவில்லை. அதனால் அவர்களுடைய அலுவலகத்தையே கூப்பிட்டேன்.

“எங்க ரெண்டு பேருக்கும் தலைக்குப் பதினாறு பாயிண்ட் இருக்கு. பதினாலு வச்சிருந்தவனுக்கெல்லாம் அந்த வட்டாரம் கிடைச்சிருக்கு. எங்களுக்கு ஏன் இல்ல?” என்று கேட்டேன்.

அந்தப் பெண் பொறுமையாகத்தான் பேசினாள். “சார், நீங்க ஜோடியாப் போட்டிருக்கீங்க. ஜோடின்னா சராசரிதான் எடுப்போம். உங்க சராசரி ஒன்பது.”

“ஒன்பதா? எப்படிம்மா ஒன்பது வரும்?”

“இன்னொருத்தரோட கணக்க நான் சொல்லக்கூடாது சார். உங்களோடது பதினாறு, சராசரி ஒன்பது. மிச்சத்த நீங்களே போட்டுப் பாருங்க.”

போட்டுப் பார்த்தேன். உன்னிடம் இருப்பது இரண்டு.

2007-இல் நாம் சேர்ந்து ஆரம்பித்தோம். வெளி மாநிலத்துக்காரன் ஒவ்வொரு வருடமும் ஒரு பாயிண்ட் வாங்கிக்கொண்டு, எங்கேயும் அவசரப்பட்டுச் செலவழிக்காமல், வரிசையில் நிற்க வேண்டும். அப்படித்தான் நின்றோம். சுமாரான வட்டாரங்கள் எத்தனையோ கிடைத்திருக்கும். “வேண்டாம், அந்த மலைக்குத்தான்” என்று ஒவ்வொரு வருடமும் சொன்னது நீ. இந்த அக்டோபருக்காக இடுப்பு ஆபரேஷனைத் தள்ளிப்போட்டு, ஒரு வருடமாக மாத்திரையில் நடந்துகொண்டிருப்பது நான்.

உன் பாயிண்டெல்லாம் எங்கே போயிற்று? ஒழுங்காகப் பதில் எழுது.

வெண்டெல்


டெக்கோரா, அயோவா
26 மே 2023

அன்புள்ள வெண்டெல்,

போன் அடித்தபோது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எடுக்கத் தைரியம் வரவில்லை.

2020-இல் செலவழித்துவிட்டேன். அப்போதிருந்த பதிமூன்றையும். வேறொருவரோடு ஜோடியாகப் போட்டேன், கிடைத்தது, போய் வந்தேன். யாரோடு என்று மட்டும் கேட்காதே. வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதற்குப் பிறகு வாங்கியது இரண்டு.

ஜனவரியில் உன் வீட்டில் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பியபோதே சொல்லியிருக்க வேண்டும். பனி கடுமை, மான் நிறையச் சாகும், இந்த வருடம் பாதிப்பேர் போட மாட்டார்கள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அந்த மலைக்கு வேண்டிய பாயிண்ட் ஒன்பதுக்கு இறங்கிவிடும், நீ அறியாமலே விஷயம் முடிந்துவிடும் என்று நம்பினேன். முட்டாள்தனம்தான்.

உன்னுடைய பதினாறு எங்கேயும் போகவில்லை. கிடைக்காதவனுடைய பாயிண்ட் அவனிடமே இருக்கும், உனக்குத் தெரியாததா? அடுத்த வருடம் பதினேழு. தனியாகப் போடு, கண்டிப்பாகக் கிடைக்கும். கூடாரம் அடிக்க, இறைச்சி சுமக்க நான் அனுமதி இல்லாமலே கூட வருகிறேன்.

கோபம் ஆறினதும் எழுது.

உன்,
ஆரின்


ரைஸ் லேக்
2 ஜூன் 2023

ஆரின்,

ஆறவில்லை.

அடுத்த வருடமாம், பதினேழாம். எனக்குப் பதினேழு ஆகும்போது எனக்குப் பின்னால் நிற்கிறவனுக்கும் ஒன்று கூடும், அவன் பின்னால் நிற்கிறவனுக்கும் கூடும். நாம் ஆரம்பித்தபோது அந்த மலைக்கு ஐந்து போதும். ஆறு வந்தபோது ஏழு கேட்டார்கள். பத்து வந்தபோது பதினொன்று. இந்த ஒரு வருடம்தான் நான் அவர்களை முந்தி நின்றேன். தனியாகப் போட்டிருந்தால் அனுமதிச்சீட்டு இப்போது என் சட்டைப்பையில். அடுத்த வருடம் எனக்கு அறுபத்தொன்பது வயது. இந்த இடுப்பு அதுவரை தாங்குமா என்று, நீ சொன்னாயே அந்த ‘எல்லோரும்’, அவர்களிடம் கேட்டுச் சொல்.

யாரோடு போனாய் என்று நான் கேட்கவே வேண்டாம். படகு விற்கிற உன் மாப்பிள்ளையோடுதான். மகள் ஒரு தடவை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள், நீ பதிமூன்று வருடத்தைத் தாரை வார்த்திருப்பாய். போ. உன் பாயிண்ட், உன் இஷ்டம். அடுப்பில் போட்டாலும் நான் கேட்க மாட்டேன். ஆனால் காலியான உன் கணக்கை என் கழுத்தில் ஏன் கட்டினாய்? ஜனவரியில் என் மேஜையில், நான் சுட்ட கேக்கை இரண்டாம் துண்டு வாங்கித் தின்றுகொண்டு, உன் உரிம எண்ணை ஒவ்வொரு இலக்கமாக வாசித்தாயே. நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். “சரியா அடிச்சியாடா, இன்னொரு தடவ பாரு” என்று வேறு சொன்னாய்.

மன்னித்துவிடுவேன் என்று நினைக்காதே. பெற்ற மகனையே ஐந்து வருடமாக வாசலுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறவன் நான். உன்னை நிறுத்த எனக்கு எத்தனை நேரம் ஆகும்?

வெண்டெல்


டெக்கோரா
9 ஜூன் 2023

வெண்டெல்,

அந்தக் கடைசி வரியை நீ எழுதாமல் இருந்திருந்தால் நான் வாயை மூடிக்கொண்டே இருந்திருப்பேன். என் மாப்பிள்ளைக்குத் துப்பாக்கியின் எந்தப் பக்கம் சுடும் என்றே தெரியாது. நான் போனது உன் மகனோடு.

நேற்று நீல்ஸைக் கூப்பிட்டேன். “சொல்லிடுங்க அங்கிள், இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது” என்றான். அதனால் சொல்கிறேன்.

2020 ஜனவரி. நீ அவனைத் துரத்தி ஒன்றரை வருடம். உன் துப்பாக்கியை அடகு வைத்துக் குடித்தான், உன் வண்டியைக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் விட்டான். எல்லாம் எனக்குத் தெரியும், அவனுக்காக நான் வாதாட வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓ கிளேர் ஊரிலிருந்து மூன்று மணி நேரம் பஸ்ஸும் இரவல் வண்டியுமாக என் வீட்டுக்கு வந்து நின்றான்.

“நாப்பத்தோரு நாள் ஆச்சு அங்கிள். ஒரு சொட்டு தொடல.”

“நல்லதுடா. உள்ள வா.”

“அப்பாவும் நீங்களும் போடறீங்களே, எல்க். அதுல என் பேரையும் சேர்ப்பீங்களா?”

“உன்கிட்ட பாயிண்ட் எத்தனைடா?”

“ஒண்ணுமில்ல.”

“மூணு பேருக்குப் பிரிச்சா அந்த மலை கிடைக்காதுடா. உங்கப்பன் ஒத்துக்கவே மாட்டான்.”

“தெரியும். எனக்கு அந்த மலை வேணாம். எந்த மலையா இருந்தாலும் சரி. அக்டோபர் வரைக்கும் புடிச்சுக்க ஏதாவது ஒண்ணு வேணும் அங்கிள்.”

நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாயோ, எனக்குத் தெரியாது. என்னுடைய பதிமூன்று, அவனுடைய சைபர். சராசரி ஆறரை. ஆறரைக்குக் கிடைக்கிற ஒரு வட்டாரத்தைப் பார்த்துப் போட்டேன். மே மாதம் கிடைத்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் கூப்பிட்டு நாள் கணக்குச் சொல்வான். உன்னிடம் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டான். “நான் மறுபடி விழுந்துட்டா அப்பா ரெண்டாவது தடவ பாக்க வேணாம்” என்றான்.

அக்டோபரில் போனோம். ஆறாம் நாள் காலையில் ஒரு இளம் ஆண் எல்க்கைச் சுட்டான். கொம்பு பெரிதாக ஒன்றுமில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, “அப்பா இருந்திருந்தா, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாக்காம வந்தியேடான்னு திட்டியிருப்பார்” என்றான். சிரிக்கிறான் என்று நினைத்தேன். அழுதுகொண்டிருந்தான். நாங்கள் இரண்டு பேருமாக நான்கு நடையில் இறைச்சியைக் கீழே இறக்கினோம். மூன்றை அவன் சுமந்தான்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு உனக்குச் சாஸேஜ் கொண்டுவந்தேனே, கடையில் வாங்கியது என்று சொல்லி? “இந்தக் கடைக்காரனுக்குத் தொழில் தெரியும்” என்று சொல்லிச் சொல்லித் தின்றாய். அது உன் மகன் சுட்டது.

ஜனவரியில் உன் மேஜையில் வாய் திறக்காமல் இருந்தது அயோக்கியத்தனம். அதற்கு உன் காலைப் பிடித்துக் கேட்கச் சொன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன். அந்தப் பதிமூன்று பாயிண்டுக்கு மட்டும் மன்னிப்புக் கேட்க மாட்டேன். இப்போது அவனுக்கு ஆயிரத்து இருநூறு நாளுக்கு மேல் ஆகிறது. நீ ஒரு நாளாவது விசாரித்தாயா?

ஆரின்


ரைஸ் லேக்
23 ஜூலை 2023

ஆரினுக்கு,

உன் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு குனிந்து எடுக்க முடியாமல் குறடு வைத்து எடுத்தேன். உன் மேல் கோபம், அவன் மேல் கோபம், அந்தச் சாஸேஜை மூன்று தட்டு தின்ற என் மேலும் கோபம்.

போன வாரம் ஓ கிளேருக்குப் போனேன். நீல்ஸ் வேலை செய்கிற டயர் கடையில் ஒரு வண்டிக்கு அடியில் கிடந்தான். காலைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

“டயர் மாத்தணுமா சார்?” என்றான், வெளியே வராமலே.

“ஏன்டா என்கிட்ட வரல?”

மெதுவாக வெளியே வந்தான். தாடியில் நரை விழுந்திருக்கிறது, ஆரின். முப்பத்தாறு வயதில் நரை. நீ அதை எழுதவில்லை.

“வந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?”

“என்ன சொல்லியிருப்பேன்?”

“நீங்களே சொல்லுங்கப்பா.”

என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். ‘பதிமூணு வருஷம் சேத்தத ஒரு குடிகாரன் தலையில கொட்டணுமா’ என்று கேட்டிருப்பேன். அதே வார்த்தைகளில். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் சொல்லவில்லை, அவனுக்கு அது கேட்டுவிட்டது. “சரி விடுங்க, காப்பி குடிக்கிறீங்களா?” என்றான்.

குடித்தேன். கேவலமான காப்பி. மூன்று மணி நேரம் இருந்தேன். இரண்டு தடவை கத்திக்கொண்டோம், துப்பாக்கி விஷயத்தில் ஒரு தடவை, அவன் அம்மாவுடைய அடக்கத்துக்கு அவன் வந்து நின்ற நிலை பற்றி ஒரு தடவை. கடைக்கு வந்தவர்கள் எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். கிளம்பும்போது என் வண்டியின் நான்கு டயரையும் பார்த்துக் காற்று அடித்துக் கொடுத்தான். கதவை அவனே சாத்தினான்.

இனி உன் விஷயம்.

நவம்பரில் இடுப்பு ஆபரேஷன், தேதி வாங்கிவிட்டேன். பாயிண்ட் கணக்கும் போட்டுவிட்டேன். இந்த வருடப் பாயிண்டையும் வாங்கினால் எனக்குப் பதினேழு, 2021-இலிருந்து வாங்கிவருகிற நீல்ஸுக்கு மூன்று. சராசரி பத்து. பத்துக்கு அந்த மலை கிடைக்காது. அதற்குக் கிழக்கே, பொதுநிலம் குறைவாக, வேலி அதிகமாக இருக்கிற ஒரு வட்டாரம் கிடைக்கும். ஜனவரியில் நாங்கள் இரண்டு பேரும் அங்கே போடுகிறோம். அந்த மலையை இந்தப் பிறவியில் நான் பார்க்கப் போவதில்லை. அதற்காக உன்னைச் சபிக்கலாம் என்று உட்கார்ந்தேன், வரவில்லை.

நீ வேண்டாம். உன்னையும் சேர்த்தால் சராசரி எட்டுக்கும் கீழே போய்விடும் என்று எழுத நினைத்தேன். அது சாக்கு. என் மகனை நீ தூக்கி நிறுத்தினாய், அது எனக்குத் தெரிகிறது. அதை நான் செய்திருக்க வேண்டிய இடத்தில் நீ நின்றாய், அதுவும் தெரிகிறது. அதற்கு நன்றி சொல்லும் வார்த்தை என்னிடம் இல்லை. இருந்தாலும் இப்போது உனக்குத் தர மாட்டேன். என் மேஜையில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்து அந்த எண்ணை வாசித்தாயே, அது இன்னும் ஆறவில்லை. ஜனவரியில் என் வீட்டுக்கு வராதே. போனும் செய்யாதே.

பாயிண்ட் வாங்கும் தேதி அக்டோபர் கடைசியோடு முடிகிறது. இரண்டு வருடம் தொடர்ந்து வாங்காமல் விட்டால் இருப்பதும் அழிந்துவிடும். மறதிக்காரன் நீ. வாங்கி வை.

வெண்டெல்